ரீடேக் இல்லாத ஒரு வசனம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் தெரியும். உடனே போனை எடுத்துப் படம் பிடிப்பீர்கள். பிடியுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் அதே பஸ்ஸில், மந்திரி குரலில் டிக்கெட் கேட்டு, பிச்சைக்காரன் குரலில் சில்லறையை வாங்கி, இரண்டுக்கும் கண்டக்டர் சிரிக்கவில்லையே என்று வில்லன் குரலில் உறுமுகிற ஒரு பிராணி உட்கார்ந்திருக்கும். அதைப் படம் பிடிக்க மறந்துவிடுவீர்கள். அதற்குப் பல குரல் நடிகர் என்று பெயர்.

ஊருக்கு ஒன்று உண்டு. மரக்காணத்தில் கிடைப்பது ஹபீப் முஹம்மது, வயது ஐம்பத்து நாலு.

தெரியாதே என்கிறீர்களா? நன்றாகத் தெரியும். கதாநாயகன் உதைத்ததும் தக்காளி வண்டி மேல் போய் விழுந்தாரே, அவர்தான். சீரியலில் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இருபத்தி நாலு மணி நேரம் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றாரே, அந்த டாக்டரும் அவர்தான். முகம் தெரிந்தது இவ்வளவே. முகம் தெரியாமல் டப்பிங் பேசியது மலையளவு. தெலுங்கிலிருந்து வந்த படத்தில் வில்லனுக்கு எட்டு அடியாட்கள்; எட்டு பேருக்கும் இவருடைய ஒரே தொண்டை. கோர்ட்டுச் சலசலப்பு, பஸ் ஸ்டாண்டு இரைச்சல், குழந்தைகள் கார்ட்டூனில் சளி பிடித்த எருமை. பற்பசை விளம்பரம் ஒன்றிலும் பேசினார். அதில் பல் வலிக்கிற மனிதர் வேறு ஆள், இவர் பல்.

ஆரம்பம் எப்படி? படப்பிடிப்புக்கு வந்தவர்கள் உப்பளத்தில் கிடத்த ஒரு பிணம் வேண்டுமென்றார்கள். கூட்டி வந்திருந்த பிணம் உப்பு எரிச்சல் தாங்காமல் எழுந்து ஓடிவிட்டது. அப்பாவின் மளிகைக் கடைக்கு உப்பு மூட்டை எடுக்க வந்திருந்த ஹபீப், சட்டையைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் படுத்தார். மூன்று மணி நேரம் இமை அசையவில்லை. "பாடி பிரமாதம்பா!" என்றார் டைரக்டர். அன்றைக்குப் படுத்தவர்தான், முப்பது வருஷமாகியும் எழுந்து கடைப்பக்கம் போகவில்லை.

இந்த இனத்தின் நோய் என்னவென்றால், மைக்கை விட்டு வந்தாலும் மைக் இதை விடாது. மீன் வாங்கப் போனால் நீதிபதி குரல். மீன்காரி மங்கம்மா மட்டும் சளைக்க மாட்டாள்: "ஜட்ஜ் ஐயா, வவ்வா கிலோ எழுநூறு. தீர்ப்ப சொல்லிட்டுத் தூக்கினு போ." டீயில் சர்க்கரை குறைந்தால் வீட்டில் ஒரு வில்லன் சிரிப்பு. மனைவி ஜெயினம்பு அந்தச் சிரிப்பின் நீளத்தை வைத்தே அரை ஸ்பூனா, ஒரு ஸ்பூனா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை மகள் அர்ஷியாதான் நிறுத்தினாள். அவளுடைய கல்யாணத்துக்கு, நிக்காஹ்வுக்கு, இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"அத்தா, அன்னிக்கு என்னைக் கொடுத்தேன்னு மைக்ல நீங்கதானே சொல்லணும்? உங்க குரல்ல சொல்லுங்க."

"எதும்மா? கம்பீரமாவா, உருக்கமாவா?"

"உங்க குரல்ல."

"அதாம்மா, எது?"

அர்ஷியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காய்ச்சல்ல கெடந்தப்ப டாக்டர் குரல்ல வந்தீங்க. பத்தாவதுல பெயிலானப்ப ஜட்ஜ் குரல்ல திட்டினீங்க. அன்னிக்கு நான் பொம்பளைங்க பக்கம் உக்காந்திருப்பேன். மூஞ்சி தெரியாது, ஸ்பீக்கர்தான். அதுலயாவது எங்கத்தா பேசணும்."



மறுநாளே ஹபீப் உப்பளத்துக்குப் போய், மேஸ்திரி காசிலிங்கத்தின் முன்னால் நின்றார். சின்ன வயதிலிருந்து சிநேகம். தெரிந்த குரலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். காசிலிங்கம் உப்பு வாரிக்கொண்டே தலையாட்டினார்.

"இது ஜமீன்தாரு. இது எருமை. பாய், இது போன வாரம் சீரியல்ல செத்துப்போனாரே, அந்த மாமனாரு."

"ஏம்பா, மூட்டை என் கால்ல விழுந்தப்ப கத்துனேனே, அது?"

"அது அடியாளு. ஆறாவது ஆளு."

"அப்ப என் குரல் எப்படித்தான்டா இருக்கும்? நீதானே கூடவே வளந்தவன்!"

காசிலிங்கம் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று, நெற்றியைச் சுருக்கி, கடல் பக்கம் பார்த்து யோசித்தார். "முப்பது வருசமாச்சு பாய். ஞாபகம் இல்ல."

மாதம் போய்விட்டது. கிடைக்கவில்லை. நிக்காஹ் அன்று காலையில் ஹபீப் ஒரு முடிவுக்கு வந்தார்: மந்திரி குரல். சபைக்குப் பொருந்தும், கௌரவமாக இருக்கும், பிள்ளை கோபித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் குத்பா உரையை ஓதி முடித்து மைக்கை நீட்டினார். ஹபீப் வாங்கி, வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, மாப்பிள்ளை ஷஃபியைப் பார்த்து மார்பை நிமிர்த்தினார்.

"என் மகள்..." மண்டபம் அதிர்ந்தது. அசல் மந்திரி. திரைக்கு அந்தப் பக்கம் அர்ஷியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து பெயர். அங்கேதான் வந்தது வினை. முப்பது வருஷத்தில் எந்த வசனப் பேப்பரிலும் அந்தப் பெயரை அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை. மந்திரிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜமீன்தாருக்கும் தெரியாது. எட்டு அடியாட்களும் கையைப் பிசைந்தார்கள்.

"அர்... அர்ஷியாவை," என்றது ஒரு குரல். மெலிசு, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல், மளிகைக் கடையில் உப்பு நிறுத்துக் கொடுக்கிறவனின் குரல். "பேசி முடித்த மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்," என்றார் ஷஃபி.

பெண்கள் பக்கத்தில் ஒரே கசமுசா. "யாருடி பேசுறது? ஹபீப் பாய் எங்க போயிட்டாரு?"

"எங்கத்தாதான்," என்றாள் அர்ஷியா. சிரித்தாளா, அழுதாளா? முக்காட்டுக்குள் யார் பார்த்தது?

அதோடு விட்டிருந்தால் அவர் மனிதர். இனம் விடுமா?

"ஹஜ்ரத்," மைக் இன்னும் கையில்தான் இருந்தது, "பேர்கிட்ட கொஞ்சம் தடுக்கிடுச்சு. ஒன் மோர் டேக் போயிரலாமா?"

"நிக்காஹ் முடிஞ்சிடுச்சுங்க பாய்."

"சேஃப்டிக்கு ஒண்ணு?"

ஹஜ்ரத் மைக்கைப் பிடுங்கி அணைத்துவிட்டு துஆவுக்குக் கை ஏந்தினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மேனேஜர் போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறீர்களே, அது எந்தக் குரல்? ஆட்டோக்காரரிடம் ஒன்று, மாமனாரிடம் ஒன்று, குறை சொல்லப் போன ஆபீஸில் கையைக் கட்டிக்கொண்டு ஒன்று. எதற்காவது உங்களுக்குச் சம்பளம் உண்டா? ஹபீப் பாய்க்காவது உண்டு. இன்றைக்கு வேறு யாருடைய போனிலிருந்தாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, "நான்தான்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "வர்றப்ப பால் வாங்கினு வா" என்று பதில் வந்தால் பிழைத்தீர்கள். "யாருங்க பேசுறது?" என்று வந்தால் மரக்காணம் பஸ்ஸைப் பிடியுங்கள்; உப்பளத்தில் காசிலிங்கம் இருப்பார். போகும்போது, கண்டக்டரிடம் எந்தக் குரலில் டிக்கெட் கேட்கிறீர்கள் என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.