பச்சமுத்துவின் பொறி

பத்து நாளாகப் பச்சமுத்துவின் பொறியில் ஒரு பூச்சிகூட விழவில்லை. கத்தரித் தோட்டத்து நடுவே கழியில் தொங்கிய அந்த பிளாஸ்டிக் பையை அவர் நாளைக்குப் பத்து தடவை போய் எட்டிப் பார்த்தார்.

பார்க்காமல் இருப்பாரா பின்னே? போன இரண்டு போகமும் காய்ப்புழு வாயில் போய்விட்டது. "இந்த வாட்டியும் புழு தின்னுச்சுன்னா, நெலத்த பிளாட்டு போடறவனுக்குக் குடுத்துட்டு ஒரகடம் கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குப் போயிடு" என்று மனைவி ராணியம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

வேளாண்மை ஆபீஸ் சசிரேகா மேடம் வந்து, புழுவுக்குத் தாயான அந்துப்பூச்சியின் பெண் வாசனை அடைத்த டியூப்களை வயல் முழுக்கக் கட்டி, நடுவில் அதே வாசனையோடு ஒரு பொறியும் வைத்து, அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். அந்த அரைமணியும் பச்சமுத்து, ராணியம்மாள் போண்டா கொண்டு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வயல் ஏசுதாஸ் டியூப் எதுவும் கட்டவில்லை. பொறி மட்டும்தான். பை நிறைய அந்துப்பூச்சி.

"இன்னாணா, உன் வயல்ல பூச்சிங்க ஸ்ட்ரைக்கா?"

"சிரிக்காதய்யா. நானே பேஜார்ல கீறேன்."

பொறியை வரப்போரம் மாற்றினார். விழவில்லை. வாலாஜாபாத் போய் மேலும் மூன்று பொறி வாங்கி வந்து மாட்டினார். முன்பு ஒரு பை காலி, இப்போது நாலு பை காலி.

"நாலு பைய மாட்டிக்கினு நிக்கிறியே, சந்தைக்கா போற?" என்றாள் ராணியம்மாள்.

அன்று மத்தியானம்தான் அவருக்கு மூளை வேலை செய்தது. "அடச்சே! வயலே பொட்டப் பூச்சி வாசனையா அடிச்சா, ஆம்பளப் பூச்சி பையத் தேடி எப்படி வரும்?"

டியூப் அத்தனையையும் பிடுங்கி, ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்தார்.

மூன்றாம் நாள் நாலு பையும் கனத்துத் தொங்கின! பச்சமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏசுதாஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். ஒரு மாதமாகச் சிரித்துப் பேசாத ராணியம்மாள் நாஷ்டாவுக்குப் பூரி சுட்டாள்.

"நெலத்த விக்க வாணாம்யா" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து சசிரேகா மேடம் வந்தார். பச்சமுத்து பையைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க மேடம்! எடுக்க எடுக்க ரொம்புது!"

மேடம் முகம் சுருங்கியது. "டியூப்லாம் எங்கய்யா?"

"அதுதான் பூச்சிய வரவுடாம கெடுத்துக்கினு இருந்துச்சு. புடுங்கிப் பொதைச்சிட்டேன்."

மேடம் ஒரு கத்தரிக்காயைப் பறித்துப் பிளந்தார். உள்ளே புழு. அடுத்ததிலும் புழு. அதற்கடுத்ததைப் பிளக்க ராணியம்மாள் விடவில்லை.

"பைதான் ரொம்பிச்சே மேடம், அப்புறம் எப்படி?" பச்சமுத்து கையிலிருந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பையையே கண்டுபுடிக்க முடியாத ஆம்பளப் பூச்சி பொண்டாட்டிய எப்படிய்யா கண்டுபுடிக்கும்? பை காலியா இருந்த வரைக்கும் நாம ஜெயிச்சிக்கினு இருந்தோம்."