ஆட்டுக்களவாணிகளுக்கு ஒரு சொம்பு மோர்

தன்னை அடிக்க வந்தவர்களிடமே மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அது புளிக்கிறது என்று சண்டையும் போட்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் நான் கணக்கு எழுதிய மோட்டார் பம்புக் கடையில் அவர் விற்பனையாளர். எல்லோருக்கும் அவர் ‘ஒரம்பரை’. எங்கள் பக்கம் உறவுக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். முன்பின் தெரியாத ஊருக்குள்ளும் உறவுக்காரர் மாதிரியே நுழைவதால் வந்த பட்டம். மோட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் போன ஊரில் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து புது மேனேஜர் வந்தார். அவரே ஜீப்பை ஓட்ட, ஒரம்பரையும் நானுமாக மூவரும் மோட்டார் விற்க ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வழியை ஆடுகள் மறித்தன. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏய், யாருய்யா அங்க? ஓட்டுங்கய்யா இதையெல்லாம்!” என்று கத்தினார்.

கத்தக் கூடாத ஊர் அது. முந்தின வாரம்தான் ஜீப்பில் வந்த யாரோ அங்கே ஆடுகளைத் தூக்கிப் போயிருந்தார்களாம். கண் மூடித் திறப்பதற்குள் ஜீப்பைச் சுற்றித் தடியும் அரிவாளுமாகக் கூட்டம்.

“நான் யாரு தெரியுமா?” என்றார் மேனேஜர்.

“தெரியுதுடா, ஆட்டுக்களவாணி! எறங்குடா கீழ!” என்றார் தடியோடு முன்னால் நின்ற பெரியவர்.

இறங்கியது ஒரம்பரை. நேரே போய் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“அடிக்கறதுன்னா அடிங்க சாமி. அதுக்கு முன்னால ஒரு சொம்பு மோர் குடுங்க. காத்தால இருந்து வெறும் வயிறு.”

கூட்டம் திகைத்தது. நான் செத்தேன் என்றே நினைத்தேன். பெரியவர் தடியை மெல்லத் தாழ்த்தி, “எந்த ஊருங்க?” என்றார். ‘டா’ போய் ‘ங்க’ வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெரியவரின் மனைவி மோர் கொண்டுவந்தார். ஒரே மடக்கில் குடித்த ஒரம்பரை முகத்தைச் சுளித்தார். “ஏனுங்க அம்மிணி, இந்தப் புளிப்பா? ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இதத்தான் குடுப்பீங்களா?”

போயிற்று, மறுபடி தடி எழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அய்யோ, தப்பா நெனைக்காதீங்க சாமி. இருங்க, களி கிண்டித் தாரேன்” என்று அந்த அம்மாள் உள்ளே ஓடினார்!

ஜீப்பை விட்டு இறங்காத மேனேஜரை யாரும் கூப்பிடவில்லை. ஒரம்பரைதான் கை நீட்டிச் சொன்னார்: “அவருக்கும் ஒரு வாய் குடுங்க. ஆடு திருடற அளவுக்கெல்லாம் அவருக்குத் தெகிரியம் பத்தாதுங்க.” கூட்டம் சிரித்தது. மேனேஜர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கி வந்து, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றார். அவருக்கும் களி கிடைத்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரம்பரை எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் தம்பியைக்கூடச் சமையலறைக்குள் விடாதவள் என் மனைவி. இவர் நேரே உள்ளே போய், “கொள்ளு வேகுதாட்ட இருக்குதே அம்மிணி?” என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீடே இடியப்போகிறது என்று நான் நடுங்கினேன். அவளோ இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டு என்னிடம் வந்து, “இவரு நமக்கு எந்த வழியில சொந்தமுங்க?” என்றாள்.

அவர் வேறு ஊருக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. கொள்ளு வேகும் நாளில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், இன்னமும் நாங்கள் இருவருமே எழுந்து போகிறோம்.