உங்கள் கண்மணி பத்திரமாகச் சேர்ந்தார்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகும் மனித குலம் நிம்மதியாகத் தூங்கவில்லை. தன் தவறைத் தானே தேடி அலைய வேண்டியதில்லை, எங்கோ இருக்கும் ஒருவரிடம் ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்துவிடலாம் என்று அது கண்டுகொண்ட நாளில்தான் முதன்முறையாகக் காலை நீட்டிப் படுத்தது. அந்த மகத்தான உண்மையைத் தன் கம்பெனிக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை ஒரு தர மேலாளரையே சாரும். அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'தரம் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

கம்பெனி அப்போது 'கண்மணி' என்ற செயலியைச் செய்துகொண்டிருந்தது. பள்ளிப் பேருந்தில் ஏறும் குழந்தை, கழுத்தில் தொங்கும் அட்டையைப் படியருகே உள்ள கருவியில் காட்டும். பேருந்து பள்ளிக்கூட வாசலைத் தொட்டதும், ஏறிய குழந்தைகளின் பெற்றோருக்கெல்லாம் 'உங்கள் கண்மணி பத்திரமாகப் பள்ளி சேர்ந்தார்' என்று கைபேசியில் செய்தி போகும். பெற்ற வயிற்றில் பால் வார்ப்பதே எங்கள் தொழில் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் கம்பெனிக்குள்ளேயே ஒரு பரிசோதனைக் குழு இருந்தது. அதன் தலைவிக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து சோதிக்கும் நாகரிகம் அறியாதவர். நிஜப் பேருந்தில் ஏறுவார், அட்டையைக் காட்டிவிட்டு இறங்கி ஓடுவார், வேறொருவர் அட்டையை மாட்டிக்கொண்டு ஏறுவார், அத்தனையும் செய்துவிட்டு வந்து ஒரு கூடைக் குறையை மேசையில் கொட்டுவார். வெளியீடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தரம் சார் இதை ஆழ்ந்து ஆராய்ந்தார். குறைகள் எல்லாமே அந்தக் குழு தேடிய இடங்களில்தான் கிடைத்திருந்தன. தேடாத இடத்தில் ஒரு குறைகூடக் கிடைத்ததில்லை. ஆகவே குழுவுக்குப் பூங்கொத்து கொடுத்து, கைதட்டி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அடுத்த மாதமே குறைகள் அடியோடு நின்றுவிட்டன.

வேலை வெளியில் உள்ள ஒரு 'தர உறுதி நிறுவன'த்துக்குப் போயிற்று. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பது கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும், அவ்வளவுதான். ஆனால் என்ன குரல்! கெட்ட செய்தியே சொல்லத் தெரியாத குரல். அவர்களிடம் பேருந்து கிடையாது, பேருந்தின் படம் உண்டு. அதைத் திரையில் விரலால் நகர்த்தி, பள்ளிக்கூடத்தின் படம் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். செய்தி வரும். 'தேர்ச்சி' என்று பச்சை எழுத்தில் குறிப்பார்கள். குழந்தை இறங்கியதா என்று பார்ப்பது ஒப்பந்தத்தில் இல்லை. 'இறங்குதல்' தனிச் சேவை, அதையும் சேர்க்கலாமா என்று அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். ஏறின குழந்தை இறங்காமல் எங்கே போய்விடப் போகிறது என்று சொல்லி, அந்த வரியைத் தரம் சார்தான் அடித்தார். சிக்கனத்துக்காக முதலாளி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதல் வெள்ளோட்டம் எந்தப் பள்ளியில் என்ற கேள்வி வந்தபோது, தன் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளியையே அவர் சிபாரிசு செய்தார். தன் பிள்ளையை வைத்தே நம்பிக்கையைக் காட்டுகிறாரே என்று எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். மகளோ, வண்டி நகர்ந்தால் போதும், அடுத்த திருப்பத்துக்குள் தூங்கிவிடுகிற ரகம்.

சம்பவம் நடந்த காலையில் மாதாந்தரத் தரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி அறை, நீள மேசை, நடுவில் ஒலிபெருக்கி. அதிலிருந்து வெளி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர், இந்த மாதமும் குறை எதுவும் இல்லை என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் தரம் சாரின் கைபேசியில் மனைவி.

"என்னங்க, பாப்பா கிளாஸுக்கு வரலையாம். லீவான்னு டீச்சர் கேக்கறாங்க."

தரம் சார் செயலியைத் திறந்து பார்த்தார். செய்தி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டாளே. எனக்குச் செய்தி வந்திருக்கு. உனக்கும் வந்திருக்குமே."

"செய்தி வந்திருக்குங்க. பாப்பாதான் வரல."

ஒரு சாதாரண மனிதர் இங்கே பதறியிருப்பார். தரம் சார் சாதாரண மனிதர் இல்லை. அவர் முன்னால் இரண்டு தகவல்கள் இருந்தன. ஒன்று, சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்ற மென்பொருள் சொன்னது. இன்னொன்று, எந்தச் சான்றிதழும் இல்லாத ஒரு டீச்சர் வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது. டீச்சரை இன்னொரு தடவை நன்றாகப் பார்க்கச் சொல் என்றார். கழிவறை வரை பார்த்தாயிற்று என்றாள் மனைவி, குரல் உடைந்து. நீ பதறாதே, நான் முறைப்படி தெரிவிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தட்டச்சு செய்கிற ஓசையும் கேட்டது.

"எத்தனை பயனாளர் பாதிக்கப்பட்டிருக்காங்க சார்?"

"ஒருத்தர்."

"அப்ப இது சிறு குறைல வரும் சார். மூணு வேலை நாளுக்குள்ள பாத்துடுவோம். மாற்று ஏற்பாடு ஏதாவது இருக்கா?"

"மாற்று ஏற்பாடுன்னா?"

"இது சரியாகற வரைக்கும் இதுக்குப் பதிலா வச்சுக்கற மாதிரி வேற ஒண்ணு."

"எங்களுக்கு ஒரே பொண்ணுங்க."

"சரி சார், 'மாற்று இல்லை'ன்னு போட்டுக்கறேன்."

அந்த 'இல்லை' தரம் சாரின் காதில் விழுந்தது. ஒரு பயனாளர் என்று இத்தனை நேரம் தான் சொல்லிக்கொண்டிருந்தது தன் பாப்பாவை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த பொருளுக்குப் போகலாமா என்று முதலாளி நாசூக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து ஓடினார். கூட்டத்தின் நடுவே அனுமதி கேட்காமல் வெளியேறியது அவருடைய பணிக்காலத்தில் அதுவே முதல் தடவை.

பேருந்து எங்கே என்று செயலியைக் கேட்டார். 'பயணம் இனிதே முடிந்தது' என்றது. பிறகு பள்ளி வாசல் காவலாளிக்குப் போன் செய்ததில், பிள்ளைகளை இறக்கிவிட்டால் வண்டியை ஊருக்கு வெளியே கொட்டகையில்தான் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள் என்று தெரிந்தது. வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒன்றிலும் அவர் நிற்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவி அங்கே முன்னமே வந்து, டிரைவரை டீக்கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்க வைத்திருந்தாள். கொட்டகையில் இடமில்லாமல் வெயிலில் நிறுத்தியிருந்த வண்டி. ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. கடைசி இருக்கைக்குக் கீழே, தன் பைமேல் தலை வைத்து, வியர்வையில் தொப்பலாக நனைந்த சீருடையில் பாப்பா கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. கண்ணாடியைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஸ்கூல் வந்துடுச்சாப்பா?"

தரம் சார் பேருந்துப் படியில் உட்கார்ந்து, டிரைவர் பார்க்கிறாரே என்றுகூட வெட்கப்படாமல் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையைப் பற்றிக் கிண்டலாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

சொன்ன சொல் தவறாமல் வெளி நிறுவனத்தின் பதில் கெடுவுக்குள் வந்துவிட்டது. 'தாங்கள் தெரிவித்த குறையை எங்கள் சோதனைக்கூடத்தில் பலமுறை முயன்றும் மறுபடி நிகழ்த்த இயலவில்லை. எங்களிடம் குழந்தை கைவசம் இல்லாமையே இதற்குக் காரணம். ஆகவே அதே குழந்தையை, அதே இருக்கையில், அதே அளவு உறக்கத்தில், மீண்டும் ஒருமுறை தொலைத்துக் காட்டி ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்கிறோம். பதில் வராவிடில் குறை தானே தீர்ந்ததாகக் கருதப்படும்.'

இதைப் படித்த தரம் சாருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆவணத்தைக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. நேரே முதலாளியின் அறைக்குப் போனார். திங்கட்கிழமை ஊரில் உள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் கண்மணி போவதாக இருந்தது. அதை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு குழந்தையும் இறங்கியதைச் சோதித்த பிறகுதான் வெளியீடு, அதுவரை என் கையெழுத்து விழாது என்று குரலை உயர்த்தியே சொன்னார். முதலாளியும் பிள்ளை பெற்றவர்தான். அவருடைய பிள்ளைகள் காரில் போகிறவர்கள் என்றாலும் மனிதருக்கு இரக்கம் உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணை மறுபடி தொலைக்கச் சொல்லி நான் கேப்பேனா? தேவையே இல்ல சார். இத்தனை ஸ்கூலுக்குப் போகுது. எங்கயாவது ஒரு குழந்தை தானா தூங்கும். அப்ப பிடிச்சுக்கலாம்."

முதலாளி வெளியீட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்புறம் கையெழுத்து. போட்டீங்கன்னா, சோதிச்சது அவங்க, நீங்க நம்பினீங்க, முடிஞ்சது. போடலைன்னா, 'இறங்குதல்' வேண்டாம்னு அடிச்சது யாருன்னு நான் கேக்க வேண்டி வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முதலாளி பெரிய மனது பண்ணி ஒரு திருத்தத்துக்கும் ஒப்புக்கொண்டார். இனி அந்தச் செய்தி, 'உங்கள் கண்மணி பத்திரமாகப் பள்ளி சேர்ந்ததாக நம்பப்படுகிறது' என்று போகும். தரம் சார் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதனால் செல்லாமல் போய்விடவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இனிமேல் மகளைத் தானே கொண்டுபோய் விடுவது, வகுப்பறைக்குள் உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். தகப்பன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! தெருமுனையில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அட்டையைக் காட்டி ஏறிக்கொண்டிருந்தன. மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டில் நின்றாள்.

"நம்ம பொண்ணை நீங்க பாத்துக்கறீங்க, சரி. அந்தப் புள்ளைங்களை யாருங்க பாத்துப்பாங்க?"

தரம் சார் குனிந்து, மகளின் ஹெல்மெட் வாரை மோவாய்க்குக் கீழே இழுத்து மாட்டி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

"அதைத்தான் வெளியில குடுத்திருக்கோமே."