சீரோடு போன சென்டர் பார்வர்டு

திருப்பூர்,
22-1-1964

மதிப்பிற்குரிய, வீரபாண்டியிலிருக்கும் சம்பந்தி சாமியப்பன் அவர்களுக்கு, தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்த கந்தவேல் வணக்கத்துடன் எழுதுவது.

பொங்கல் சீர் கொண்டுவந்த எங்கள் கால்பந்து டீமின் சென்டர் பார்வர்டு சுப்பையனைத் தாங்கள் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டது தவறு. சொந்தத்துக்குள் நடந்தாலும் தவறு தவறுதான். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம் என்று எழுதிவிட்டேன். இனி நலம் விசாரிப்பு. இங்கு நானும் என் சம்சாரம் ஞானாம்பாளும் சென்னிமலை ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம், என் உள்ளங்கால்கள் நீங்கலாக. அங்கு தாங்களும், மாப்பிள்ளையும், என் மகள் கமலாம்பாளும், தங்கள் சாயத்தொட்டிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சுப்பையன் சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருப்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

உள்ளங்கால் விவரம் தாங்கள் அறிந்ததே. பனியன் கம்பெனிகளும் தங்களைப் போன்ற சாயப்பட்டறைகளும் ஆடுகிற தைப்பூசக் கோப்பையை எங்கள் கம்பெனி ஜெயிக்கும் வரை செருப்புப் போடுவதில்லை என்று சென்னிமலைப் படியில் நின்று வேண்டிக்கொண்டேன். அந்த வருஷமே ஜெயித்துவிடுவோம் என்று நினைத்துத்தான் வேண்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ சித்திரை வெயில் போய்விட்டது. தார் ரோட்டில் நான் நடப்பதைப் பார்க்கிறவர்கள், கந்தவேல் வயதான காலத்தில் கரகம் ஆடுகிறார் என்கிறார்களாம். சொல்லட்டும். வேண்டியதை விட்டுக்கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை. ஆப்சைடு என்கிற சட்டத்தையே நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றே முழு ஆட்டத்தையும் கற்றவன் நான். எதிரி அசந்த நேரத்தில் முன்னால் போய் நிற்பவன் கெட்டிக்காரனா, குற்றவாளியா என்று ரெப்ரியிடம் கேட்டேன். “பெரியவரே, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்று விசிலை ஊதிவிட்டார்.

இந்தக் கோப்பைக்காகத்தான் சுப்பையனைத் தெற்குச் சீமையிலிருந்து கொண்டுவந்தேன். ஆட்டக்காரனைப் பிடிப்பது சுலபம் சம்பந்தி. பிடித்தவனை வைத்துக்கொள்வதுதான் யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும், கால் நோகக் கூடாது என்று அவனைச் செக்கிங்கில் போட்டேன். அவன் பார்த்துச் சரியென்று விட்ட பனியன்களில் ஒன்று, கழுத்து ஓட்டையே இல்லாமல் தைத்து மூடியது, கல்கத்தா வரை போய்த் திரும்பி வந்தது. உங்கள் ஊரில் தலையை எந்த வழியாக விடுவார்கள் என்று அந்த வியாபாரி கேட்டிருந்தார். கோல் போடுகிறவன் கழுத்தையும் பார்க்க வேண்டுமா? அந்த வியாபாரியோடு வியாபாரத்தையே நிறுத்திக்கொண்டேன்.

பிறகு சாப்பாடு. கறி தின்ற வாரம் சுப்பையன் புலி. தின்னாத வாரம் நடு மைதானத்தில் சோளக்கொல்லைப் பொம்மை. அப்போது அவன் காலில் பட்டுப் பந்து எங்கேயாவது போனால் அது பந்தின் முயற்சி, அவனுடையது அல்ல. போன வருஷம் ஞானாம்பாள் பூச விரதம் என்று சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். அரை இறுதியில் தோற்றோம். முருகனுக்கு வேண்டிக்கொண்ட கோப்பையை முருகனுக்கான விரதமே தடுத்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது? அதற்குப் பிறகு விரதத்திலும் அவனுக்கு மட்டும் கொல்லைப்புறம் தனி அடுப்பு. “ஏனுங்க, நம்ம புள்ளையக் கட்டிக்கிட்ட மாப்பிள்ளைக்குக் கூட நான் இப்படி ஆக்கிப் போட்டதில்லீங்க. இவன் கோல் போடறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிரும்” என்று அவள் தினமும் பாடுகிறாள். பூட்ஸ் கதையும் தங்களுக்குத் தெரியும். கோயமுத்தூரில் சொல்லி வரவழைத்தேன். ரயிலடி வரை வெறுங்காலோடு நடந்துபோய் நானே வாங்கிவந்து அவன் காலடியில் வைத்தேன். போட்டு நான்கு எட்டு வைத்தான், கழற்றிவிட்டான். “அண்ணாச்சி, இதைப் போட்டா பந்து கால்ல படுதது எனக்குத் தெரியவே மாட்டேக்கு” என்றான். அன்று முதல் அந்தப் பூட்ஸ் ஆபீஸ் ஆணியில் தொங்குகிறது. நான் வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிறேன். பூட்ஸ் இருந்தும் போடாதவன் ஒருவன், செருப்பு இருந்தும் போட முடியாதவன் ஒருவன். இதுதான் எங்கள் டீம்.

இப்படிக் காப்பாற்றியவனைப் போகி அன்று கமலாம்பாளுக்குச் சீர் கொண்டுபோக அனுப்பினேன். ஞானாம்பாள் அப்போதே சொன்னாள்: “அவனை அனுப்பாதீங்க. கமலா கைக்கறி ஒரு வாய் தின்னான்னா ஊடு திரும்ப மாட்டான்.” கரும்புக் கட்டையும் வாழைத்தாரையும் தூக்கி நடந்தால் தொடை இறுகும், இறுதி ஆட்டத்துக்கு நல்லது என்று நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். கரும்பு, தார், பச்சரிசி, வெல்லம், சேலை எல்லாம் அங்கே வந்து சேர்ந்ததாகத் தகவல் வந்தது. ஆள் மட்டும் திரும்பி வரவில்லை. பொங்கல் முடிந்து நானே புறப்பட்டு வந்தேன். அங்கே நடந்தது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், பின்னால் இல்லை என்று சொல்லக் கூடாது.

“வாங்க சம்பந்தி, வெயில்ல வெறுங்கால்ல வந்திருக்கீங்க. மோர் குடிங்க” என்றீர்கள்.

“மோர் இருக்கட்டுங்க. எங்க ஆளு எங்கீங்க?”

“எந்த ஆளுங்க?”

“சீரோட வந்த ஆளுங்க.”

“அதாங்க நானும் சொல்றேன். சீரோட வந்தது திரும்பிப் போற வழக்கம் நம்ம சாதிசனத்துல உண்டுங்களா? மாட்டைச் சீராக் குடுத்தா கயித்த அவுத்துட்டா போவீங்க?”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. முறைப்படியே கேட்டேன். “சுப்பையன் மாடுங்களா, கயிறுங்களா?”

“திங்கறதுல மாடுங்க, ஓடறதுல கன்னுக்குட்டிங்க” என்று சொல்லிவிட்டுத் தாங்கள் சிரித்தீர்கள். மாப்பிள்ளை சிரித்தார். நான் பெற்ற பெண், கையில் கரண்டியோடு கதவோரம் நின்றவள், அவளும் சிரித்தாள். “கமலா, நீயாச்சும் சொல்லு கண்ணு” என்றேன். “நானென்னங்கப்பா சொல்றது? நீங்க குடுத்தனுப்புன சீரை நானே வேண்டாம்னா மாமா மனசு சங்கடப்படாதுங்களா?” என்றாள். போன வருஷம் வரை எங்கள் டீம் ஆடும்போது தொண்டை கட்டக் கத்தியவள்.

கொல்லைக்குப் போனேன். துணி காயும் கம்பிகளுக்கு நடுவில் சுப்பையன் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். இரண்டு ஈரத்துணிதான் கோல் கம்பம். தங்கள் சாயப்பட்டறை டீமின் கோல்கீப்பர் கிட்டுசாமி அதற்கு நடுவில் விழுந்து விழுந்து பிடித்துக்கொண்டிருந்தான். சுப்பையனின் காலைக் குனிந்து பார்த்தேன். சாயத்தண்ணீரில் மிதித்து மிதித்து, கணுக்கால் வரை கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைத்தது போலச் செக்கச் செவேல் என்றிருந்தது. ஆளைப் பிடித்ததோடு நில்லாமல், தங்கள் டீம் நிறத்தையும் அவன் தோலில் ஏற்றிவிட்டீர்கள். “என்னப்பா சுப்பையா, வாரீயா?” என்றேன். “வரணும்தான் அண்ணாச்சி. ஆனா இங்க செக்கிங் கிடையாது, பாத்துக்கிடுங்க. மதியத்துக்குக் குடல்குழம்பு வேற வச்சிருக்காவ” என்றான். குடல்குழம்பு என்று கேட்ட பிறகு ஒரு மனிதனோடு நியாயம் பேசிப் பயனில்லை. தங்கள் மோரையும் குடிக்காமல் திரும்பி நடந்தேன்.

பூசம் கழிந்த ஞாயிறு இறுதி ஆட்டம். ஆடப்போவது நம் இரண்டு டீமும்தான். எனக்கு வயதாகிறது. இன்னொரு சித்திரையை இந்தக் கால் தாங்காது. என் கோலை நானே சீராகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதே கோலை என் கம்பத்துக்குள் வாங்கிக்கொண்டு திரும்ப நான் தயாராக இல்லை.

சிறியவர்களுக்கு ஆசி. கமலாம்பாளுக்கு, சிரித்ததற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதி ஆசி. தங்கள் வீட்டம்மாளுக்கு என் வணக்கமும் ஞானாம்பாளின் விசாரிப்பும்.

செய்ய வேண்டியவை இவை. தாங்கள், சீரோடு வந்தது திரும்பாது என்ற பேச்சை நாலு பேர் முன்னால் வாபஸ் வாங்க வேண்டும். மாப்பிள்ளை, சுப்பையனைத் தானே வண்டியில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும், நடத்திக் கூட்டிவரக் கூடாது. கமலாம்பாள் ஞாயிறு முடியும் வரை குடல்குழம்பு வைக்கக் கூடாது. வைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு வைக்க வேண்டும். தங்கள் சாய மேஸ்திரி, ஏற்றிய நிறத்தை எதைப் போட்டாவது இறக்க வேண்டும். சுப்பையன் செய்ய வேண்டியது எதுவுமில்லை, பசியோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
நியாயத்தில் பின்வாங்காத,
கந்தவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், சீர் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களைத் தாங்கள் திருப்பி அனுப்பியது வந்து சேர்ந்தது. வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாது என்ற முறை தவறாமல் முறுக்கும் கச்சாயமும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். மிக்க சந்தோஷம். தூக்கி வந்தவன் தங்கள் கோல்கீப்பர் கிட்டுசாமி. வெயிலில் வந்தவனை ஞானாம்பாள் உட்கார வைத்துக் கறிச்சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியவன் ஆணியில் தொங்கிய பூட்ஸைப் பார்த்து, “ஏனுங்க, இது சும்மாத்தான் தொங்குதுங்களா?” என்று எடுத்துப் போட்டான். அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. “அந்தச் சுப்பையன் எந்தக் கால்ல, எந்த மூலைக்கு அடிப்பான்னு எனக்கு அத்துப்படிங்க. பொங்கல்ல இருந்து அதைத்தானுங்களே புடிச்சுக்கிட்டிருக்கேன்” என்றும் சொன்னான். ஆகவே மேலே எழுதிய எதையும் யாரும் செய்ய வேண்டாம். சுப்பையன் அங்கேயே இருக்கட்டும். குடல்குழம்பு தினமும் வைக்கலாம், கதவையும் சாத்த வேண்டாம். சீரோடு வந்தது திரும்பிப் போகிற வழக்கம் இல்லை என்று தாங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தங்கள் கோலில் ஞாயிறன்று யார் நிற்பார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் செருப்புக்கு அளவு கொடுத்துவிட்டேன்.