இது மட்டும் வேற விஷயம்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஊழல் என்று கேட்டாலே அவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்த ரத்தம் ஆறுவதற்குள், அந்த அலுவலகத்தில் தெரிந்தவர் யார் என்று விசாரித்தும் முடித்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே போனில், ஒரே குரலில் செய்வார்கள். கேட்டால் பதில் ஒன்றுதான்: "அது சரிதாங்க, ஆனா இது மட்டும் வேற விஷயம்."

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஓர் ஆளை உங்களுக்குக் காட்டுகிறேன். வீட்டில் அவனுக்குப் பட்டதாரி என்று பெயர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். சான்றிதழைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். யார் டிவி பார்த்தாலும் அவன் படிப்பையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

மாதக் கடைசி ஞாயிறுகளில் நூலக மாடியில் இருபது நாற்காலி போட்டு, ஆட்சியில் நேர்மை ஏன் வாக்காளருக்கு வேண்டும் என்று கூட்டம் நடத்துவான். பதினோரு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக. "எதுவும் இல்லாதவனுக்கு வரிசையில் இருக்கும் இடம்தான் சொத்து. அரசாங்கம் அதைக் காப்பாற்றாவிட்டால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது?" என்று அவன் கேட்கும்போது மின்விசிறிக்காக வந்தவர்களும் தலையாட்டுவார்கள். தெருவிளக்கைத் தன் வாசலுக்கு நேராகப் போட்டுத் தந்தார் என்பதற்காக வார்டு உறுப்பினருக்கு ஓட்டுப் போட்ட அம்மாவை, மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் விசாரணை செய்தவன் அவன். மூன்றாம் நாள் அம்மா, "வேணும்னா விளக்கை அணைச்சுட்டு வர்றேன், நீ சாப்பிடு" என்றாள்.

இப்படிப்பட்டவனுக்கு ஓர் அக்கா. சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறாள். அவள் மகளுக்கு நான்கு வயது முடிகிறது. பிறந்ததிலிருந்து காது சரியாகக் கேட்காது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காது மெஷின் மாட்டிவிட்டால் பேச்சு பிடித்துக்கொள்ளும், தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நலத்துறை அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அக்கா அரை நாள் லீவு போட்டு, முறைப்படி மனு எழுதிக் கொடுத்து, நான்கு மாதமாகக் காத்திருந்தாள்.

அந்த அலுவலகத்தில் பட்டதாரியின் கல்லூரி நண்பன் குமாஸ்தாவாக இருக்கிறான். மூன்று வருடமும் வகுப்பில் தூங்கியதால் தூக்கம் என்று பெயர் வாங்கியவன். அவனைக் கூப்பிடுவதா வேண்டாமா? பட்டதாரி ஒரு வாரம் யோசித்தான். யோசனை இப்படிப் போனது: கேட்பது எனக்காக இல்லை, யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை, குழந்தையோ காது கேட்காத குழந்தை, தலைமுறை தலைமுறையாக எந்த அலுவலகத்திலும் யாரையும் தெரியாமலே வாழ்ந்த குடும்பம் இது, இப்போதுதான் ஒரே ஓர் ஆளைத் தெரிந்திருக்கிறது, அந்த ஒன்றையும் தொடக் கூடாதென்றால் நான் படித்தது எதற்கு? கடைசிக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை நியாயம் என்று எடுத்துக்கொள்வது இந்த இனத்தின் பழக்கம்.

போனில், சிபாரிசெல்லாம் கிடையாது என்று முதலிலேயே தெளிவுபடுத்தினான். அதற்குப் பிறகு, "சும்மா கொஞ்சம் பாத்துக்கோ" என்றான். அப்புறம் அடுத்த கூட்டத்துக்கான குறிப்பு எழுத உட்கார்ந்தான். குறிப்பு நன்றாகவே வந்தது.

மாதக் கடைசியில் மெஷினை வாங்கப் போனான். அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. உள்ளே ஆள் இருப்பவன் எதற்குப் பலகையைப் பார்க்க வேண்டும்? நேராக மேசைக்குப் போனான். தூக்கம் முகம் மலர்ந்து, மேசை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தான்.

"இது சிபாரிசு நோட்டு. உங்க அக்கா பேரை அன்னைக்கே இதுல ஏத்திட்டேன்டா. முப்பத்தியொண்ணாவது. மாசத்துக்கு நாலு பேர் போவாங்க."

பட்டதாரி கணக்குப் போட்டான். எட்டு மாதம். அப்படியானால் பலகையில் இருக்கிற பட்டியல்?

"அது பொது வரிசை. மாசத்துக்குப் பத்து. அதுல அக்கா எட்டாவதா இருந்தாங்க. நீ சொன்னியேன்னு அங்க அடிச்சுட்டேன். ரெண்டுலயும் பேர் இருக்கக் கூடாது."

எட்டாவது. இந்த மாதமே வந்திருக்கும். வந்தும்விட்டது, அவளுக்கு அடுத்து நின்ற யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், முறைப்படி.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? இந்த நோட்டுதான் சீக்கிரம்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. யாரையும் தெரியாதவங்க இப்ப ரொம்பக் கம்மிடா" என்றான் தூக்கம். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பெயரைத் திரும்ப மாற்ற மேலதிகாரி மனசு வைக்க வேண்டும், அதற்கு யாராவது பெரிய ஆளாகச் சொன்னால் நல்லது என்று யோசனையும் சொன்னான். சிபாரிசிலிருந்து வெளியே வர இன்னொரு சிபாரிசு! வார்டு உறுப்பினரின் முகம் பட்டதாரியின் மனசுக்குள் ஒருமுறை வந்து, சிரித்துவிட்டுப் போனது.

மதியம் கம்பெனி வாசலில் அக்காவிடம் சொன்னான். சொல்லும்போது 'மாறிப்போச்சு', 'நடந்துபோச்சு' என்றே வந்ததே தவிர, 'மாத்தினேன்' என்று வரவில்லை. அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, நான் எத்தனாவதாக இருந்தேன், மாதத்துக்கு எத்தனை பேருக்குத் தருகிறார்கள் என்று இரண்டே கேள்வி கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தான். திட்டவில்லை.

"நீ மாடியில பேசறியே தம்பி, வரிசை, சொத்துன்னு. அது எங்களைப் பத்தின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

மறுநாள் அவள் இன்னோர் அரை நாள் லீவு போட்டு, மேலதிகாரியின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்று, என் தம்பி படித்தவன், அவசரப்பட்டு ஆள் பிடித்துவிட்டான், எனக்கு அந்த நோட்டு வேண்டாம், என்னைப் பழைய வரிசையிலேயே கடைசியில் போட்டுவிடுங்கள் என்று சொன்னாள். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி, அவளை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையின் கடைசியில் போடச் சொல்லி அந்த அறைக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. போட்டார். பதினாறாவது. இரண்டு மாதம். பள்ளிக்கூடம் அடுத்த மாதமே திறக்கிறது.

முதல் நாள் குழந்தையைக் கொண்டுபோய் விட்டவன் பட்டதாரிதான். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் குழந்தை சுற்றியிருந்தவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், இது நானா, இது நானா என்று. தன் பெயர் வந்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கூட்டத்தில் அவன் குறிப்பை எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். இந்தத் தடவை 'மாத்தினேன்' என்று வந்தது. கூட்டம் முடிந்து அவன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து அவன் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. நெஞ்சைத் தொட்டுவிட்டது தம்பி என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "அந்த ஃபிரெண்டு நம்பர் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நலத்துறை, குமாஸ்தா என்று படித்துக்கொண்டு வந்தபோது, நமக்கு அங்கே யாரைத் தெரியும் என்று ஒரு நொடி மனசுக்குள் போனைத் தடவிப் பார்த்தீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?