வருமானமே இல்லாத மயில்சாமி

"உங்க பேர்ல வருமானமே இல்லீங்களே!" என்றார் வங்கி அதிகாரி.

ராசிபுரத்தில் வெகுகாலமாக நெய்க்கடை நடத்தும் மயில்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். ஆடிக்குள் வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். அதற்காகத்தான் கடன் கேட்டு வந்திருந்தார்.

எல்லாம் அவரே தேடிக்கொண்ட வினை. செல்போனில் வரும் காசையெல்லாம் வருமான வரிக்காரர்கள் கூட்டிப் பார்க்கிறார்கள் என்று சில வருடங்களுக்கு முன் பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டார். அன்றைக்கே கடையிலிருந்த க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, மனைவி கந்தம்மாள் பேரில் ஒன்றை மாட்டினார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார் மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் கந்தம்மாள் ஆரம்பித்தாள். "ஏனுங்க, கடை விசயமா ஒண்ணு சொல்லோணும்."

"உனக்கென்ன புள்ள தெரியும்? சும்மா இரு!"

மறுநாள் அட்டையைத் தன் பேருக்கே மாற்றினார். ஒரு வார வியாபாரம் கணக்கில் ஏறியதும் வங்கிக்கு ஓடினார்.

"மூணு வருசமாவது வரிக் கணக்குக் காட்டியிருக்கோணுங்க" என்று அதிகாரி சிரித்தார்.

பதறிப்போய், அந்த ஒரு வாரப் பணத்தையும் கட்டடக்காரரிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தார். வெண்ணெய் கொண்டுவந்த குமரன் வழக்கம்போலக் கந்தம்மாளிடம் காசு கேட்டான்.

"எங்கணக்குக்கு இப்பப் பணமே வாறதில்லை. உங்கண்ணங்கிட்டயே கேளு" என்றாள்.

அண்ணனிடம் காசில்லை. குமரன் வெண்ணெயைத் திருப்பி வண்டியில் ஏற்றினான். வெறும் வாணலியைப் பார்த்து மயில்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் நின்ற கடை கைநழுவிப் போகிறதே! நேரே ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனார்.

"அம்மிணி, எவ்வளவு வரின்னாலும் கட்டிப்போடறேன். இத்தனை வருசக் கணக்கையும் காட்டிருங்க. எனக்கு அந்தக் கடை வேணும், சாமி" என்று கணினிமுன் இருந்த உதவியாளர் தனப்பிரியாவிடம் கெஞ்சினார்.

அவள் விழித்தாள். "ஏனுங்க, உங்க கடைக்குத்தான் ஊட்டுக்காரம்மா வருசா வருசம் வரி கட்டறாங்களே! போன வாரம் அவங்க பேர்ல கடனும் ஆயிருச்சு. ஆடிக்கு முந்தியே கிரயமுங்க."

மயில்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடை தப்பியது! கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப, அந்தக் கணக்குல நான் எங்கீங்க அம்மிணி?"

தனப்பிரியா திரையில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"இருக்கறீங்களே! மாசச் சம்பளத்துக்கு நெய் காய்ச்சற ஆளுன்னு. போன தீவாளிக்குப் போனஸும் போட்டிருக்காங்க."