ஹேசலுக்குப் பிடித்த ஊர்

"அரிசோனாவா? ஜூலை மாசம் அங்க மண்ணு நெருப்பாக் கொதிக்கும். உன் குதிரைக்குக் குளம்பு வெந்துடும்," என்றார் வெர்லின், காபியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

வெளியே மினசோட்டாவின் பனி ஜன்னல் வரை ஏறியிருந்தது. அவர் மனைவி ஆர்லிஸ் தன் குதிரை ஹேசல் மேல் ஏறிக் காட்டுப்பாதையில் போய் வாரக்கணக்காயிற்று. வருஷம் பூராவும் சவாரி போகிற மாதிரி ஓர் ஊர் பார்த்துக் குடிபோயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சூடுதானே பிரச்சினை? அரிசோனாவிலேயே மலைமேல் ஒரு வீடு பார்த்தாள்.

"அங்கயும் பனி கொட்டுதாம். இங்க இருக்குறது பத்தலையா உனக்கு?"

டென்னசியில் பார்த்தாள்.

"ஒரே சேறு. உண்ணி வேற. சவாரி போவியா, உக்காந்து உண்ணி பொறுக்குவியா?"

கலிபோர்னியாவில் கடலோரமாகப் பார்த்தாள். கொதிக்கிற வெயிலும் கிடையாது, பனியும் கிடையாது. வெர்லின் தாடையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"அந்த ஊர்க்காரங்க சும்மா சும்மா சிரிப்பாங்க. நமக்கு ஒத்துவராது."

ஆர்லிஸ் கோப்பையை நங்கென்று வைத்தாள். "யோவ், இந்தப் பண்ணைய விட்டு நகராத மரக்கட்டை நீ! ஒரு தடவையாவது எனக்குன்னு ஏதாவது செஞ்சிருக்கியா?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் கலிபோர்னியா வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தாள். குதிரையை ஏற்றிப் போக வண்டியும் ஏற்பாடு செய்தாள்.

"நீ இங்கயே கெட. நானும் ஹேசலும் போறோம்."

"வேணாம் ஆர்லிஸ்."

"ஏன் வேணாம்? காரணம் சொல்லு."

அவர் எழுந்துபோய் அடுப்பில் விறகை வைத்தார். அவள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனாள். மகளுக்கு போன் போட்டு, "உங்கப்பனோட இனிமே என்னால ஆகாதுடி," என்று விசும்பினாள்.

மாநிலம் விட்டு மாநிலம் போகக் குதிரைக்கு மருத்துவச் சான்று வேண்டும். வெர்லின் வைக்கோல் வாங்கப் போயிருந்த நேரத்தில் கால்நடை டாக்டர் லுண்டை வரவழைத்தாள். அவர் ஹேசலின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்து மறுபடியும் கேட்டார்.

"எழுதிக் குடுங்க டாக்டர். வண்டி நாளைக்கு வருது."

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இதுக்கு இதயம் போயிடுச்சு, வண்டியில ஏத்தினா தாங்காது, இங்கயே இருந்தாலும் வசந்தம் வரைக்கும் தாங்காதுன்னு முதல் பனி விழுந்தப்பவே வெர்லின்கிட்ட சொன்னேம்மா, 'அவகிட்ட சொல்லிடாதீங்க, தினம் அழறதுக்குப் பதிலா என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்'னாரு."